22 வருடம் ஷெட்டில் நின்ற ஜிடிஓ: வீட்டின் மேல் கடன் எடுத்து ஓட்டலாமா?

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கிறேன். வயது 41, இரண்டு பிள்ளைகள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய 1968 போன்டியாக் ஜிடிஓவை 14,000 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். 22 வருடமாக ஷெட்டில் நிற்கிறது. எஞ்சினைக் கையால் திருப்பினால் சுற்றுகிறது. 25,000 டாலரில் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். இப்போதுள்ள காரை 11,000க்கு விற்றுவிட்டு, மீதி 28,000க்கு ஹோம் ஈக்விட்டி கடன் (வீட்டை ஈடுகாட்டி வாங்குவது) எடுத்து, தினமும் ஜிடிஓவிலேயே வேலைக்குப் போக ஆசை. போக வர 40 மைல். விலை ஏறும் கார் என்பதால் முதலீடாகவும் இருக்கும். வங்கியில் 46,000 இருக்கிறது. மாதச் செலவு 4,500, மாதம் 900 மிச்சமாகிறது. மனைவிக்குத் தயக்கம். செய்யலாமா?

பதில்: காரை வாங்கலாம். ஆனால் கடன் வேண்டாம், இப்போதுள்ள காரையும் விற்காதீர்கள்.

உங்கள் கணக்கைப் புரட்டிப்போடுவது ‘தினமும்’ என்ற ஒரு சொல்தான். முதலில் காப்பீட்டைப் பாருங்கள். பழைய கார்களுக்கென்று தனி பாலிசி உண்டு. காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிவைப்பார்கள், முழுச் சேதமானால் அந்தத் தொகை கிடைக்கும். பிரீமியமும் குறைவு. ஏன் குறைவு என்றால், அந்தக் கார் அதிகம் ஓடாது என்ற நம்பிக்கையில் தருகிறார்கள். அதனால் அன்றாடம் ஓட்ட வேறொரு கார் இருக்கிறதா என்று கேட்பார்கள், வேலைக்குப் போய்வருவதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. இருக்கும் காரை விற்றுவிட்டால் இந்தப் பாலிசியே கைநழுவிப் போகும். சாதாரண பாலிசியில் அன்றைய சந்தை மதிப்புதான் பேச்சு. நீங்கள் உள்ளே கொட்டிய 25,000ஐ ரசீதுகளை வைத்துக்கொண்டு வாதாடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது குளிர்காலம். உங்கள் ஊர்ச் சாலைகளில் கொட்டுகிற உப்பு, புதிதாக வெல்டிங் செய்த தகட்டைக்கூட விட்டுவைக்காது. இந்தக் காரை நேசிப்பவர் யாரும் ஜனவரியில் வெளியே எடுக்க மாட்டார். ஆக, எப்படியும் இரண்டாவது கார் தேவைப்படுகிறது. 11,000க்கு விற்றுவிட்டு, டிசம்பரில் அதைவிட மோசமான ஒன்றை அவசரத்தில் வாங்குவதில் என்ன லாபம்?

பெட்ரோலையும் எழுதிப் பாருங்கள். வருடம் 240 நாள், நாளுக்கு 40 மைல் என்றால் 9,600 மைல். 400 கன அங்குல வி8 எஞ்சின் கேலனுக்கு 12 மைல் தந்தால் 800 கேலன் ஆகும். அந்த எஞ்சினின் கம்ப்ரஷன் அதிகம், பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டும். கேலன் 4 டாலர் என்று வைத்தால் 3,200 டாலர். 30 மைல் தரும் சாதாரண கார் 320 கேலனில் முடித்துவிடும். கேலன் மூன்றரை டாலர் என்றால் 1,120.

சரி, பட்டறை சொன்ன 25,000. அதில் துருவுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்டீர்களா? நின்றுபோன காரில் எஞ்சினுக்கு ஆகும் செலவை ஓரளவு முன்பே சொல்லிவிடலாம். டிங்கரிங் செலவை மட்டும், பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கும் வரை யாராலும் சொல்ல முடியாது. மணிக்கு 110 டாலர் கூலி என்று வைத்தால், உதிரிபாகம் ஒன்றுகூட வாங்காமலே 25,000 டாலர் 227 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். முழுமையான மறுசீரமைப்பு 1,000 மணி நேரத்தைத் தாண்டுவது புதிதல்ல. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன், காரை லிஃப்டில் ஏற்றி, பழைய ஜிடிஓக்களைத் தொட்டுப் பழகிய ஒருவரிடம் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னால் வளையும் சேஸிஸ், தரைத் தகடு, டிக்கியின் அடி, பின்கண்ணாடியைச் சுற்றிய பகுதி, பின்சக்கரத்துக்குப் பின்னாலுள்ள கீழ் ஓரங்கள் ஆகியவைதான் முக்கியம். சேஸிஸ் அரித்திருந்தால் பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். காருக்கும் பட்டறைக்கும் சேர்த்து ஆகும் அதே 39,000க்கு வேறொருவர் செலவழித்துச் சரிசெய்த, ஓடுகிற ஜிடிஓ கிடைக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் அதுதான் மலிவு.

காரின் அடையாள எண்ணான வின் எண் 242 என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். 1968இல் ஜிடிஓவுக்கு அதுதான் எண். 237 என்றிருந்தால் அது போன்டியாக்கின் இன்னொரு மாடலான லெமான்ஸ், பிற்பாடு ஜிடிஓ வேடம் போட்டது. நல்ல கார்தான், ஆனால் 14,000 பெறாது. அந்த வருடத்திலிருந்து எஞ்சின் பிளாக்கிலும் வின் எண்ணின் ஒரு பகுதியைக் குத்தியிருப்பார்கள். இரண்டும் பொருந்தினால் காருக்கு மதிப்பு கூடும்.

முதலீடு என்பதை மறந்துவிடுங்கள். லாபத்துக்கு விற்றால் வரி உண்டு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டத்தை வரியில் கழிக்க முடியாது. ஹோம் ஈக்விட்டி கடன் வட்டிக்கும் வரிச்சலுகை கிடையாது, பணம் வீட்டுக்குச் செலவானால்தான் அது. 401-கே என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கும் யோசனை வந்தால் அதையும் விடுங்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரிக்கு மேல் பொதுவாக 10 சதவீத அபராதம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் கடன் வாங்கி ஒரு காரைப் பிரித்துப்போட்டார். பாதியில் பணம் நின்றது. அட்டைப்பெட்டிகளில் கிடந்த காரை, முழுசாக வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே விற்றார். கடன் மட்டும் நான்கு வருடம் தொடர்ந்தது. இன்றும் அவரை நினைத்தால் மனசு கனக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. 46,000இல் ஆறு மாதச் செலவான 27,000ஐத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடவே மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவருடைய தயக்கம் நியாயமானது. மீதி 19,000. காருக்கு 14,000 போனால் கையில் 5,000, அப்புறம் மாதம் 900. முதல் வருடம் பிரேக் முழுவதும், பெட்ரோல் டேங்க், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் குழாய்கள், ரேடியேட்டர், ஒயரிங், டயர். அந்த வருட மாடலில் முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான் வழக்கம், டிஸ்க் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு. டிரம்தான் இருந்தால் இப்போதே டிஸ்க்குக்கு மாற்றுங்கள், குடும்பத்தை ஏற்றப்போகிறீர்கள். பெயிண்ட் கடைசியில். நிறம் மங்கின காராக இருந்தாலும், இரண்டாவது கோடையில் நல்ல வெயில் நாட்களில் ஓட்டிப் போகலாம். ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூ சாலையில் பழைய கார்கள் ஊர்வலமாக வரும்போது நீங்களும் பிள்ளைகளோடு இருக்கலாம்.

பணம் கொடுக்கும் முன் டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், பெரியவர் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். 22 வருடத்தில் அந்தத் தாள் எங்கே போனதோ, தொலைந்திருந்தால் நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெயர் மாற்றும்போது மாநில வரி 6 சதவீதம், அதாவது 840 டாலர் ஆகும். அதை அந்த 5,000இல் இருந்து இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.