வாசகர் கேள்வி: அடிக்காமல் நாய் பழகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு மாதமான சிப்பிப்பாறை ஆண் நாய் இருக்கிறது. தெருவில் ஆட்டையோ பூனையையோ கண்டால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தோம். கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டி இரண்டு முறை சுண்டி இழுத்தார். மூன்றாம் முறை அவர் கையை ஓங்கியதுமே நாய் தரையோடு ஒட்டிப் படுத்துச் சிறுநீர் கழித்துவிட்டது. "பாருங்கள், அடங்கிவிட்டான். 45 நாள் என்னிடம் விடுங்கள்" என்கிறார். விடலாமா?
– வாசகி ஒருவர், அருப்புக்கோட்டை

பதில்: விட வேண்டாம். நீங்கள் கண்டது அடக்கமன்று, அச்சம். காதுகளைப் பின்னுக்கு மடக்குவது, வாலைக் கால்களுக்கிடையே செருகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது ஆகிய யாவும் "என்னை விட்டுவிடு" என்று நாய் கெஞ்சும் விதங்கள். படுத்துச் சிறுநீர் கழிப்பது அவற்றின் உச்சம். இந்த நிலையில் இருக்கும் நாய் ஓங்கிய கையை நினைவில் வைத்துக்கொள்ளுமே தவிர, தான் செய்ய வேண்டியது இன்னதென்று கற்றுக்கொள்வதில்லை.

"ஓநாய்க் கூட்டத்தைப் போல, தலைவன் யாரென்று காட்ட வேண்டும்" என்றும் அவர் சொல்லக்கூடும். அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து, விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து கிளைத்த கருத்து அது. 1970இல் வெளியான தம் நூலின் வழியே அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் கண்டபின், கூட்டம் என்பது தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே என்று 1999இல் தாமே திருத்தி எழுதினார். பழைய கருத்துதான் இன்னும் பலகை மாட்டிக்கொண்டு சம்பாதிக்கிறது.

வேறொருவரைத் தேடும்போது, நாய் சரியாகச் செய்தால் என்ன தருவீர்கள், தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் அத்துடன் விட்டுவிடலாம். அவர் பழக்கும் வேறொரு நாயை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். அவரைக் கண்டதும் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா, ஒதுங்குகிறதா என்பதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. நாயை உங்கள் கண்ணெதிரே, உங்கள் கையாலேயே பழக்கவைப்பவராகவும் அவர் இருக்க வேண்டும். வெளியே விட்டுப் பழக்கிய நாய் அவர் சொல்லைக் கேட்டுவிட்டு, வீடு திரும்பியதும் பழையபடி நடப்பது வெகு சாதாரணம்.

அதுவரை நீங்களே தொடங்கலாம். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு துண்டை மூக்கருகே காட்டி மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னே நகர்த்தினால், மூக்கு உயர உயரப் பின்புறம் தானாகத் தாழும். அது தரையைத் தொட்ட அந்த நொடியே கொடுத்துவிடுங்கள். சற்றுத் தாமதித்து, நாய் எழுந்தபின் கொடுத்தால், எழுந்ததற்குக் கிடைத்த கூலியாகவே அது எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று முறை போதும். நீங்கள் "உட்கார்" என்றும் பிள்ளைகள் "சிட்" என்றும் சொல்லிக் குழப்பாமல், வீடு முழுவதும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள்.

இழுப்பதற்கும் மருந்து இதுவே. கயிறு விறைத்ததும் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைக்கூட எட்டமாட்டீர்கள், பரவாயில்லை. ஆடு தொலைவில், அதாவது நாய் கண்டும் உங்கள் பக்கம் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பினால் கறித்துண்டைக் கொடுங்கள். நாள் செல்லச் செல்லத் தூரத்தைக் குறைக்கலாம். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுங்கியிருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையே நல்லது. கண்ணில் பட்டதைத் துரத்திப் பிடிக்கவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது என்பதால், எவ்வளவு பழகினாலும் திறந்தவெளியில் அவிழ்த்துவிடாமல், சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் மட்டும் ஓடவிடுங்கள்.