‘அக்ஸோரியஸ்’ என்றால் பாராட்டா, பழிப்பா?

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன், நான் ‘அக்ஸோரியஸ்’ ஆகிவிட்டதாக மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். அகராதியில் ‘மனைவியிடம் மிகுந்த பற்றுள்ள’ என்று இருக்கிறது. சென்ற மாதம் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தபோது, மனைவி போக வேண்டாம் என்றதால் பணம் மட்டும் அனுப்பினேன். அடுத்த கண்ணுக்குத் தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அண்ணன் சொன்னது பாராட்டா, பழிப்பா?

பதில்: பழிப்புத்தான். லத்தீனில் மனைவியைக் குறிக்கும் ‘உக்ஸோர்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த இந்த ஆங்கிலப் பெயரடை, மனைவிமீது கொண்ட பற்று அளவு கடந்து, அவள் சொல்லுக்கே அடங்கிப்போன கணவனைக் குறிக்கும். மனைவியருக்காக அந்நியத் தெய்வங்களை வணங்கிய விவிலியத்துச் சாலமோன் மன்னனை, ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் வெளியிட்ட தம் காவியத்தில் இச்சொல்லால்தான் சுட்டினார். அரசி டைடோவுடன் அவளுடைய கார்த்தேஜ் நகரில் தங்கி, தான் நிறுவ வேண்டிய நாட்டை மறந்த காவிய நாயகன் ஈனியாஸை இடித்துரைக்க, ரோமானியக் கவிஞர் வர்ஜில் இதன் லத்தீன் மூலத்தை ஆண்டார். ‘மனைவிழைவார் மாண்பயன் எய்தார்’ என்ற குறளில் வரும் ‘மனைவிழைவார்’ இதற்கு மிக நெருங்கிய தமிழ். மனைவியைப் பிரிந்திராத ஒருவரைப் பரிவோடு குறிக்கவும் இன்றைய ஆங்கில ஏடுகள் இதை எழுதுவதுண்டு என்றாலும், உங்கள் அண்ணன் அந்தப் பொருளில் எழுதவில்லை.

என்னை உறுத்துவது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘என்றதால்’ என்னும் சொல். மனைவி ஏன் வேண்டாம் என்றார், அவருக்கு உடல்நலம் இல்லையா, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. ‘நான் போகத்தான் வேண்டும்’ என்று அவரிடம் சொன்னதாகவும் இல்லை. தாயைப் பார்க்கப் போகாதது உங்கள் முடிவு. அதை மனைவியின் தலையில் ஏற்றி, முகம் தெரியாத எனக்கு எழுதும் கடிதத்திலேயே அவரைக் காட்டிக்கொடுக்கிறீர்களே, இதுவா மனைவிமீது வைத்த பற்று? சமையலறையில் மனைவிக்குத் துணை நிற்பவனைப் ‘பெண்டாட்டிதாசன்’ என்று ஏசுவோரை நான் ஒருநாளும் ஏற்றதில்லை, ஏனெனில் அவன் தன் குடும்பத்துக்கான கடமையைச் செய்கிறான். சாலமோனும் ஈனியாஸும் ஏச்சு வாங்கியது கடமையை விட்டதற்காக. குற்றம் கணவனுடையது என்பதால்தான் இந்தச் சொல்லும் கணவனையே சுட்டுகிறது.

அறுவைக்குப் பின் பல வாரங்கள், ஒரு நாளைக்குப் பலமுறை அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட ஒரு கை வேண்டும். தை மாதம் விடுப்பு எடுத்துப் போங்கள். மனைவியிடம் அனுமதி கேட்காமல், காரணத்தைச் சொல்லி, முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். அண்ணனுக்கான மறுமொழியை அங்கிருந்து எழுதலாம்.