கமத்துக் கேள்வி-பதில்: பச்சைத்தூள் பிடிச்ச சோளம் கழுவினாச் சரிவருமோ?

கேள்வி: ஒரு ஏக்கர் சோளம் போட்டனாங்கள். முறிக்கிற நேரம் பாத்து மூண்டு நாள் மழை. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் பொத்தியளை உரப்பையில கட்டித் தாவாரத்தில அடுக்கித் தறப்பாளால மூடிவிட்டம். பத்து நாள் கழிச்சுத் திறந்தா கையை வைக்கச் சூடு அடிக்குது, பொத்தி நுனியெல்லாம் பச்சைத்தூள். கழுவிக் காயவைச்சு நல்லதை மாவாக்குவம், மிச்சத்தைக் கோழிக்குப் போடுவம் எண்டு அவர் சொல்லுறார். போடலாமோ? (நெடுங்கேணி வாசகி)

பதில்: வேண்டாம் தங்கச்சி, கோழிக்கும் வேண்டாம். கழுவினாத் தூள் போகும், அதை நான் இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா அந்தப் பூஞ்சணம் (அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் எண்டு பேர்) வளரேக்கையே மணிக்குள்ள ஒரு நஞ்சை விட்டிடும், அதுதான் அஃப்ளாடொக்சின். அது தண்ணியில போகாது, வெயிலுக்கும் அசையாது. புட்டு அவிச்சாப் போயிடும் எண்டு நினைப்பியள், கொதிதண்ணி 100 பாகை தானே, இந்த நஞ்சு உடைய 200 பாகைக்கு மேல வேணும், அதுக்குள்ள உங்கட புட்டு கரியாப் போயிடும்.

கோழிக்கதைக்கு வாறன். 1960இல இங்கிலாந்தில ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழ, என்ன நோயெண்டே தெரியாமல் இருந்து, கடைசியில தீனில கலந்த பிரேசில் கச்சான் புண்ணாக்கில கொண்டுபோய் விட்டுது. அஃப்ளாடொக்சின் எண்டொரு சாமான் இருக்கெண்டு தெரியவந்ததே அப்பதான். தாராக்குஞ்சுக்கு இன்னும் மோசம். வளந்த கோழி உடன சாகாது, முட்டை குறையும், மெலியும், நாங்கள் ஏதோ நோயாக்கும் எண்டு விற்றமின் வாங்கித் தண்ணியில கலந்து குடுத்துக்கொண்டிருப்பம்.

ஆக்களுக்கும் இதே கதைதான். 2004இல கென்யாவில ஈரத்தோட வீட்டில வைச்ச சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் வருத்தப்பட்டு 125 பேர் செத்தவை. அது ஒரேயடியா நிறைய உள்ள போனதால வந்தது. கொஞ்சம் கொஞ்சமாப் போனா ஈரல் புற்றுநோய், அதுவும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ள ஆக்களுக்கு ஆபத்து பலமடங்கு கூட.

இப்ப உங்கட பொத்தியளுக்கு என்ன வழி? சூடு அடிச்ச பையை அப்பிடியே கிடங்கு வெட்டித் தாட்டிடுங்கோ, மூக்கைத் துணியால கட்டிக்கொண்டு செய்யுங்கோ. சூடு பிடிக்காத பை இருந்தா பொத்தி பொத்தியாப் பிரிச்சு, தூள் கண்டது, புழு துளைச்சது, நிறம் மாறினது, வெடிச்சது எல்லாத்தையும் கழியுங்கோ. நஞ்சின்ர பெரும்பங்கு அந்தப் பழுது மணியளிலதான் இருக்கும். எண்டாலும் மிஞ்சினதைப் பச்சைப் பிள்ளையளுக்குக் கஞ்சி காச்ச வேண்டாம், நல்லாத் தெரியிற மணியிலயும் கொஞ்சம் இருக்கலாம்.

தறப்பாளைப் பற்றி ஒண்டு சொல்லோணும், ஏனெண்டா நானும் ஒருக்கா காலபோக நெல்லை இப்பிடி மூடி ஒரு பகுதியைப் பழுதாக்கினவன்தான். விடியக்காலமை தறப்பாளின்ர உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கோ, கை நனையும். மழைக்கு மூடுறியள், பிறகு அந்த வேர்வையே திரும்ப மணியில சொட்டுது. மழை விட்ட உடன திறந்து, பொத்தியை நிலத்தில குவிக்காமல் கம்பு கட்டின தட்டில பரப்பிவிட்டாக் காத்துப் படும்.

காஞ்சுதோ எண்டு பல்லால கடிச்சுப் பாக்கிறது எங்கட பழக்கம், அதை விட இது நல்லம்: மூடியுள்ள கண்ணாடிப் போத்தில் ஒண்டை நல்லாக் காயவைச்சு, மூண்டில ஒரு பங்குக்குச் சோளமணி போட்டு, காஞ்ச தூள் உப்பு இரண்டு மூண்டு கரண்டி போடுங்கோ (ஆனையிறவுக் கல்லுப்பெண்டா இடிச்சு வறுத்து ஆறவிட்டுப் போடுங்கோ). ஒரு நிமிசம் குலுக்கிக் கால் மணித்தியாலம் வையுங்கோ. உப்பு போத்தில் சுவரில ஒட்டினா ஈரம் 15 வீதத்துக்கு மேல, திரும்பவும் வெயிலுக்குக் கொண்டுபோங்கோ. ஒட்டாட்டியும் இன்னுமொரு வெயில் குடுங்கோ, கனகாலம் வைக்கிற சோளம் 13 வீதத்துக்குக் கீழ வரோணும். நெல்லுக்கு 14, நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கிறதும் அந்தக் கணக்கிலதான்.

கேள்வி: நெற்கதிரில மஞ்சள் உருண்டை வந்திருக்கு, தொட்டாத் தூளா ஒட்டுது. அப்பாச்சி நல்ல விளைச்சலுக்கு அடையாளம் எண்டுறா. மருந்து அடிக்கோணுமோ? (முழங்காவில் வாசகர்)

பதில்: அப்பாச்சி சொல்லுறதில பாதி சரி. தமிழ்நாட்டிலயும் இதை லட்சுமி நோய் எண்டுவினம். பயிர் செழிச்சு நிக்கிற வருசம், அதாவது யூரியாவை அள்ளிப் போட்டுப் பூக்கேக்க மழையும் பெய்தா, இந்தப் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். உருண்டை கண்ட பிறகு மருந்தடிச்சாக் காசுதான் நட்டம், அடிக்கிறதெண்டா குடலைப் பருவத்தில (கதிர் வெளிய வரமுதல்) அடிச்சிருக்கோணும். கொஞ்சக் கதிர்தானெண்டா பனி காயமுதல், தூள் பறக்காமல், சொப்பின் பையைக் கவிட்டு வெட்டி எரியுங்கோ. இதிலயும் நஞ்சு இருக்கு, அந்தக் கதிரை மாட்டுக்குப் போடாதேங்கோ. விதைநெல்லுக்கு வேற வயலைப் பாருங்கோ.

கேள்வி: களஞ்சியத்தில வேப்பமிலை போட்டாப் பூஞ்சணம் வராதோ? (மல்லாவி வாசகர்)

பதில்: வேப்பமிலை வண்டுக்கு. வண்டு துளைச்ச மணியில பூஞ்சணம் லேசா ஏறும், அந்தளவில உதவிதான். ஈர நெல்லுக்கு வேம்பு ஒண்டும் செய்யாது.

கேள்வி: பூஞ்சணம் பிடிச்ச சோளத்தை மாட்டுக்குப் போட்டிட்டன். மாடு நல்லாத்தான் நிக்குது. பால் கறக்கலாமோ? (ஓமந்தை வாசகி)

பதில்: மாடு தாங்கும் அம்மா, கோழியைவிட அதுக்குத் தாங்குசக்தி கூட. ஆனா தின்ற நஞ்சில ஒரு பங்கு ஒரு நாளைக்குள்ளயே உரு மாறிப் பாலில வந்திடும், காச்சினாலும் போகாது. தீனை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ, சில நாளில பால் தெளிஞ்சிடும். அதுவரைக்கும் கறந்து நிலத்தில ஊத்திவிடுங்கோ, பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ, பால் சொசைற்றிக்கும் ஊத்தாதேங்கோ.