சுற்றுலா விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: என் மனைவிக்கு பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நானும் ஆறு வயது மகளும் சுற்றுலா விசாவில் போய், அங்கே டிபெண்டன்ட் விசாவாக (மாணவரின் குடும்பத்தினருக்குத் தரப்படுவது) மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள் கன்சல்டன்சியில். நம்பலாமா? தாயைப் பிரிந்து குழந்தை ஒரு வருடம் இருப்பது சரியா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: நம்ப வேண்டாம். 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில், வகுப்புப் பாடங்களை முதன்மையாகக் கொண்ட முதுநிலைப் படிப்புக்கு வரும் மாணவர் தம் கணவரையோ மனைவியையோ பிள்ளைகளையோ டிபெண்டன்ட் விசாவில் அழைத்துவர பிரிட்டன் அனுமதிப்பதில்லை. முனைவர் பட்டத்துக்கும் ஆய்வே பெரும்பகுதியான முதுநிலைப் பட்டத்துக்கும் வருவோர், அரசின் முழு உதவித்தொகையில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பில் சேருவோர் ஆகியோருக்கே அந்த வாய்ப்பு மிஞ்சியிருக்கிறது. சுற்றுலா விசாவில் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம். வேலை பார்க்க முடியாது, அங்கிருந்தபடியே டிபெண்டன்ட் விசாவுக்கு மாறவும் முடியாது. உண்மை நோக்கத்தை மறைத்து விண்ணப்பித்தது தெரியவந்தால் பத்தாண்டு வரை விசா மறுக்கப்படலாம். அதைச் சுமக்கப்போவது நீங்கள். கன்சல்டன்சிக்கோ சேர்க்கைக்கான கமிஷன் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டுப் பிரிவு என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கே உதைக்கிறது. படிப்பு முடிந்தபின் வேலை தேடுவதற்காகத் தரப்படும் கிராஜுவேட் விசாவிலும், மாணவராக இருந்தபோதே டிபெண்டன்டாக உடனிருந்தவர்கள் மட்டுமே தொடர முடியும் (அங்கே பிறந்த குழந்தைக்கு விலக்கு உண்டு). ஆகவே உங்கள் மனைவி அங்கேயே தங்க நினைத்தால், நிறுவனம் ஒன்று ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு அவர் மாறும் வரை நீங்கள் இருவரும் காத்திருக்க வேண்டியிருக்கும். அது எத்தனை மாதம் என்று எந்தக் கன்சல்டன்சியாலும் சொல்ல முடியாது.

குழந்தையைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால், அப்பா வளைகுடாவுக்குப் போய் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்துபோகும் வீடுகள் உங்கள் பக்கத்தில் ஏராளம். அங்கெல்லாம் இந்தக் கேள்வியை யாரும் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சேர்ந்துதான் போக வேண்டும் என்பது உங்கள் இருவரின் நிபந்தனையானால், அதற்கு இடம்தரும் நாட்டையும் படிப்பையும் தேர்ந்தெடுப்பதே நேர்வழி. கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுநிலைப் படிப்பு என்றால்தான் துணைவருக்கு ஓப்பன் ஒர்க் பெர்மிட்டுக்கு (எந்த நிறுவனத்திலும் வேலை பார்ப்பதற்கான அனுமதி) தகுதி உண்டு. ஆஸ்திரேலியாவில் முதுநிலை மாணவரின் துணைவர், படிப்பு தொடங்கியபின் நேர வரம்பின்றி வேலை செய்யலாம். செலவுதான் மலைக்க வைக்கும்: 2024 மே மாதம் உயர்த்தப்பட்ட அளவின்படி ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு மாணவருக்கு 29,710, துணைவருக்கு 10,394, குழந்தைக்கு 4,449 ஆஸ்திரேலிய டாலர் கணக்கில் காட்ட வேண்டும்; பள்ளி செல்லும் வயதென்றால் அதற்கு மேல் 13,502. மனைவியின் கல்விக் கட்டணமும் விமானச் செலவும் இதில் சேராது.

முன்பணம் இன்னும் கட்டவில்லையென்றால், எந்த விதியின்கீழ் உங்களையும் மகளையும் அனுப்பப்போகிறார்கள் என்பதைக் கன்சல்டன்சியிடம் எழுத்தில் கேளுங்கள். அதே கேள்வியைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் செய்யும்படி மனைவியிடம் சொல்லுங்கள். இரண்டு பதில்களும் கைக்கு வரும்வரை வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போகாதீர்கள்.