போட்டோ எடிட்டிங்குக்கு மொதல் குட்டி பிசி: கேட்டதும் சொன்னதும்

புதுச்சேரி, கடலூர் பக்கம் கல்யாணம், பறவை, பீச்சுன்னு போட்டோ எடுக்குற நம்ம ஆளுங்க நெறைய பேர் இப்ப லேப்டாப்ப விட்டுட்டு சின்னதா ஒரு பிசி அசெம்பிள் பண்ணலாம்னு கேக்குறாங்க. வந்த கேள்விக்கெல்லாம் எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முத்தியால்பேட்டை தம்பி: அக்கா, மொத தடவையா பிசி போடப் போறேன், லைட்ரூமும் போட்டோஷாப்பும் மட்டும்தான், கேம் கெடையாது. ப்ராசசர் எது வாங்கணும்னு சொல்லுங்க, அதுலேருந்து ஆரம்பிக்கிறேன்.

மானிட்டர்லேருந்து ஆரம்பி தம்பி. எல்லாரும் ப்ராசசர்லயும் கிராபிக்ஸ் கார்டுலயும் காச கொட்டிட்டு கடைசில மிச்சம் இருக்குற ரூபாய்க்கு ஏதோ ஒரு ஸ்கிரீன் வாங்கிடுறாங்க, அப்புறம் கல்யாணப் பொண்ணோட அரக்குப் பட்டு ஆல்பத்துல வேற கலர்ல வந்து நிக்குது, வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. மெதுவான ப்ராசசர்னா நீ கொஞ்ச நேரம் காத்திருப்ப, அவ்ளோதான். தப்பான ஸ்கிரீன்னா நீ செஞ்ச வேலையே தப்பாயிடும். அதனால மொத்த பட்ஜெட்ல கால் பங்கு மானிட்டருக்குன்னு தனியா எடுத்து வச்சிடு. ஐபிஎஸ் பேனல் (சைடுலேருந்து பாத்தாலும் கலர் மாறாத வகை), 27 இன்ச், 2560க்கு 1440 பிக்சல், எஸ்ஆர்ஜிபின்ற பொதுவான கலர் அளவ முழுசா காட்டணும், இது போதும். நம்ம ஊரு ஆல்பம் லேப்லாம் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் கேக்குறாங்க, அதனால வீட்லயே நல்ல பிரிண்டர் வச்சு பிரிண்ட் போடுறவங்களத் தவிர அதவிட அதிக கலர் காட்டுற அடோபி ஆர்ஜிபி மானிட்டருக்கு அவ்ளோ காசு குடுக்க வேணாம்.

வாங்கின உடனே பிரைட்னஸ எறக்கு. கடைலேருந்து வரும்போது கண்ணு கூசுற அளவுக்கு வச்சிருப்பாங்க, அதுல பாத்து எடிட் பண்ணா பிரிண்ட் இருட்டாதான் வரும். பிரைட்னஸ் 100லேருந்து 120 நிட்ஸ், வெள்ளை 6500 கெல்வின், காமா 2.2. இத கண்ணால பாத்து சரியா வைக்க முடியாது, கேலிபிரேட்டர் (ஸ்கிரீன் மேல வச்சு கலர அளக்குற சின்ன கருவி) வேணும், தனியா வாங்க முடியலன்னா நாலு ஃப்ரெண்ட்ஸ் சேந்து ஒண்ணு வாங்கி மாசத்துக்கு ஒரு தடவ மாத்தி மாத்தி வச்சிக்கோங்க.

ஒயிட் டவுன் பக்கத்துலேருந்து ஒரு தங்கச்சி: என் ரூம் செவுரு நல்ல மஞ்சள் கலர். அதனால பிரச்சனை வருமா?

வரும்மா. ஜன்னல் வெளிச்சம் அந்த செவுத்துல பட்டு ஸ்கிரீன்லயும் உன் கண்ணுலயும் மஞ்சளா விழும், உன் கண்ணு அதுக்குப் பழகிடும், நீ உனக்கே தெரியாம படத்த நீலமாக்கிடுவ. ஸ்கிரீனுக்குப் பின்னாடி இருக்குற செவுத்துக்கு மட்டுமாவது சாம்பல் கலர் பெயின்ட் அடி, வாடகை வீடுன்னா சாம்பல் கலர் துணி தொங்கவிடு.

நெல்லிக்குப்பம் சார்: மினி ஐடிஎக்ஸா, மைக்ரோ ஏடிஎக்ஸா? சின்னதா இருக்கணும்னு ஆசை, ஆனா விலை ஒதைக்குது.

சார், பிசிய எங்க வைக்கப் போறீங்கன்றதுதான் கேள்வியே. ரெண்டும் மதர்போர்டு சைஸோட பேருதான். மினி ஐடிஎக்ஸ் போர்டு 17 செமீக்கு 17 செமீ, ரெண்டு ரேம் ஸ்லாட், ஒரே ஒரு கார்டு ஸ்லாட். மைக்ரோ ஏடிஎக்ஸ் 24.4 செமீ சதுரம், விலை நல்லாவே கம்மி, எங்க கேட்டாலும் கெடைக்கும். ஐடிஎக்ஸ்ல போர்டுக்கு ஒரு கூடுதல் காசு, எஸ்எஃப்எக்ஸ்னு வர்ற சின்ன சைஸ் பவர் சப்ளைக்கு ஒரு கூடுதல் காசு, கேஸுக்கு, அதாவது வெளிப் பெட்டிக்கு, ஒரு கூடுதல் காசுன்னு மூணு எடத்துல குடுக்கணும். டேபிள் மேல ஒரே எடத்துல இருக்கப் போகுதுன்னா சின்ன சைஸ் மைக்ரோ ஏடிஎக்ஸ் கேஸ் ஒண்ண பாத்து வாங்குங்க, மிச்சமாகுற காசு அப்படியே மானிட்டருக்குப் போவட்டும். ஆனா முகூர்த்தம் முடிஞ்ச கையோட மண்டபத்துலயே எடிட் பண்ணி சாயந்தரம் ரிசப்ஷன் ஸ்கிரீன்ல போடுற வேலை பண்றீங்கன்னா ஐடிஎக்ஸ்தான், அங்க அந்தக் கூடுதல் காசுக்கு அர்த்தம் இருக்கு. மொத பில்டுன்னா 18 லிட்டர் கன அளவு உள்ள கேஸ் எடுங்க, கூலர் மாஸ்டர் என்ஆர்200 மாதிரி. 10 லிட்டர் கேஸ்ல கேபிள் மடக்கவே விரல் நுழையாது.

லாஸ்பேட்டை காலேஜ் பையன்: இப்ப சொல்லுங்க அக்கா, ப்ராசசர், கார்டு?

ஏஎம்டியோட ரைசன் 5 7600 போதும். 6 கோர், 65 வாட், கூலர் பெட்டிக்குள்ளயே வருது, ஸ்கிரீன் ஓட்டுற அளவுக்கு கிராபிக்ஸும் உள்ளயே இருக்கு. ஆயிரக்கணக்குல படம் எக்ஸ்போர்ட் பண்றவங்கன்னா 8 கோர் 7700. கார்டு விஷயம் நீ டிநாய்ஸ் (படத்துல புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸ எடுக்குறது) எவ்ளோ யூஸ் பண்றன்றத பொறுத்தது. லைட்ரூம்ல 2023ல வந்த அந்த ஏஐ டிநாய்ஸ் முழுக்க முழுக்க கிராபிக்ஸ் கார்டுலதான் ஓடுது, கார்டு இல்லாம ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்குல ஆகும், 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி ஒண்ணு இருந்தா வினாடிக் கணக்குல முடிஞ்சிடும். மத்தபடி ஸ்லைடர் நகத்துறது, க்ராப், கலர், இதுக்கெல்லாம் உள்ள இருக்குற கிராபிக்ஸே தாங்கும். அதனால கார்டு இல்லாமலே பிசிய போட்டு ஆறு மாசம் ஓட்டிப் பாரு. ஆனா பவர் சப்ளையும் கேஸும் வாங்கும்போதே கார்டுக்கும் சேத்து கணக்குப் பண்ணி வாங்கிடு, 550 வாட்டுக்குக் கம்மியா வேணாம். லைட்ரூம், போட்டோஷாப்புக்காக அடோபிக்கு மாசா மாசம் கட்ட முடியலன்னா டார்க்டேபிள்னு ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃப்ரீதான், அதுவும் கார்டு இருந்தா நல்லா வேகமா ஓடும்.

கடலூர் முதுநகர்ல ஆல்பம் டிசைன் பண்றவர்: 16 ஜிபி ரேம் போதுமா?

உங்களுக்குப் பத்தாது சார். 12க்கு 36 இன்ச் ஆல்பம் ஷீட்ட 300 டிபிஐல போட்டா 3600க்கு 10800 பிக்சல், கிட்டத்தட்ட 3.9 கோடி. 8 பிட்ல ஒரு முழு லேயரே 110 எம்பிய தாண்டிடும், 16 பிட்னா அதுக்கு டபுள். நீங்க ஒரு ஷீட்டுக்கு பேக்ரவுண்டு, பிஎன்ஜி, மாஸ்க்னு இருவது லேயர் அடுக்குவீங்க, அதுக்கு மேல ஹிஸ்டரி, பக்கத்துல லைட்ரூம், ப்ரௌசர். 32 ஜிபி, அதுவும் ரெண்டு 16ஆ ஒரே செட்டா வாங்குங்க. ஒண்ணு மட்டும் இப்ப, இன்னொண்ணு அப்புறம்னு வேணாம். நாலு ஸ்லாட் போர்டா இருந்தாலும் இந்த பிசில வர்ற டிடிஆர்5 வகை ரேம்ல நாலையும் ரொப்புனா ஸ்பீடு எறங்கிடும், அதனால ரெண்டோட நிறுத்துங்க. 2025 கடைசிலேருந்து ரேம் விலை தாறுமாறா ஏறிக் கெடக்கு, தெரியும், இருந்தாலும் உங்க வேலைக்கு இதுல கை வைக்காதீங்க, கார்ட தள்ளிப் போடுங்க.

அதே சார்: லிக்விட் கூலிங்?

65 வாட் ப்ராசசருக்கு எதுக்கு சார், வேணாம்.

தேவனாம்பட்டினம்: வீட்டுக்கும் கடலுக்கும் ரெண்டு தெருதான். ஃபேன் கிரில்லே துருப்பிடிக்குது, பிசி தாங்குமா?

தாங்கும், ஆனா கவனிக்கணும். உப்புக் காத்தும் ஈரமும் சேந்துதான் அரிக்குது, ரெண்டுல ஈரத்த நம்மால கொறைக்க முடியும். தெனமும் கொஞ்ச நேரம் ஓடுற மெஷின் உள்ள சூடாவே இருக்கும், ஈரம் தங்காது. வாரக்கணக்குல மூடி வச்ச மெஷின்லதான் ஸ்க்ரூ துரு, கேபிள் சொருகுற போர்ட்ல பச்சைக் களிம்பு எல்லாம் வரும். கடல் பக்கம் ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க, காத்து உள்ள இழுக்குற ஃபேனுக்கு ஃபில்டர் உள்ள கேஸா வாங்குங்க, அந்த ஃபில்டர மாசம் ஒரு தடவ கழுவி நல்லா காய வச்சுப் போடுங்க. ஈரத் துணியால உள்ள தொடைக்கவே கூடாது, பிரஷ், இல்லன்னா ஐசோப்ரொபைல் ஆல்கஹால்.

ரெயின்போ நகர் அக்கா: ஃபெஞ்சல் புயல் அப்ப வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. படங்கள எப்படிப் பாதுகாக்குறது?

2024 நவம்பர் 30 ராத்திரி இங்க நெறைய பேருக்கு கீழ வச்சிருந்த சிபியூவோட சேந்து ஹார்டு டிஸ்க்கும் போச்சு, அடுத்தவங்க கல்யாணப் படம் அக்கா அதெல்லாம், திரும்ப எடுக்கவே முடியாது. மொதல்ல பிசிய தரைல வைக்காதீங்க, குட்டி பிசில இருக்குற பெரிய வசதியே அதான், அலமாரி மேல தூக்கி வச்சிடலாம். அப்புறம் படம் எப்பவும் மூணு காப்பி. மொத காப்பி, வேலை நடக்குறது, 1 டிபி என்விஎம்இ (போர்டுலயே நேரா மாட்டுற வேகமான வகை) எஸ்எஸ்டில, லைட்ரூம் கேட்டலாகும் ப்ரிவியூவும் அதுலயேதான். ரெண்டாவது காப்பி 4 டிபி ஹார்டு டிஸ்க்ல. மூணாவது காப்பி இன்னொரு டிஸ்க்ல வேற ஊர்ல இருக்கணும், விழுப்புரத்துல அம்மா வீடு இருந்தா அங்க குடுத்து வைங்க. ரெண்டு டிஸ்க்க ரெய்டுல (ஒரே படத்த ரெண்டுலயும் தானா எழுதுற முறை) போட்டுட்டு பேக்கப் இருக்குன்னு நெனைக்காதீங்க, தப்பா அழிச்சா ரெண்டுலயும்தான் அழியும், தண்ணி வந்தா ரெண்டும்தான் நனையும்.

பண்ருட்டி: யுபிஎஸ் 600 விஏ போதுமா?

600 விஏன்னு பெட்டில போட்டிருந்தா பொதுவா 360 வாட்தான் தரும். கார்டு இல்லாத பிசியும் மானிட்டரும்னா தாராளம், சேவ் பண்ணி ஆஃப் பண்ண டைம் கெடைக்கும். கார்டு போடப் போறீங்கன்னா 1000 விஏ. வீட்டு இன்வெர்டர்ல ஓட்டுறதுன்னா சைன் வேவா (லைன் கரண்ட் மாதிரியே சீரா தர்ற வகை) இருக்கணும், இன்வெர்டர் பின்னாடி யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கும், அதுல வைங்க. கேஸ தொட்டா ஜிவ்வுன்னு இருந்தா வீட்டு எர்த் சரியில்லன்னு அர்த்தம், பிசிய ஓட்டுறதுக்கு முன்னாடி எலக்ட்ரிஷியன கூப்பிடுங்க.

ஆரோவில் பக்கம் பறவை எடுக்குறவர்: இவ்ளோ கஷ்டத்துக்கு மேக் மினி வாங்கிடலாமா?

வாங்கலாம் சார், நல்ல மெஷின்தான். ஆப்பிளோட எம்4 சிப் வச்ச மினி 12.7 செமீ சதுரம்தான், எந்த ஐடிஎக்ஸும் அவ்ளோ சின்னதா வராது. ஆனா ரேம் பின்னாடி ஏத்த முடியாது, அடிப்படை மாடல்ல 16 ஜிபி, ஸ்டோரேஜ் 256. வெளிய எஸ்எஸ்டி மாட்டிக்கிட்டு ஒத்தப் படமா எடிட் பண்றவங்களுக்கு சரி. கொஞ்சம் கொஞ்சமா பார்ட்ஸ் சேத்து வளக்கணும்னா பிசி.

விழுப்புரம் தம்பி: பார்ட்ஸ் எங்க வாங்கறது?

ப்ராசசர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் பாண்டிலயே கெடைக்கும். ஐடிஎக்ஸ் போர்டும் எஸ்எஃப்எக்ஸ் சப்ளையும்தான் கஷ்டம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல முன்னாடியே போன் பண்ணி இருக்கான்னு கேட்டுட்டு வண்டி ஏறு. மானிட்டர மட்டும் நேர்ல பாத்து வாங்கு, கடைல ஒரு முழு சாம்பல் படம் போடச் சொல்லி ஓரமெல்லாம் ஒரே மாதிரி இருக்கான்னு பாரு. ஜிஎஸ்டி பில்லு இல்லாம எதையும் வாங்காத, சீரியல் நம்பர் பில்லுல ஏறியிருக்கான்னு கவுன்டர்லயே பாத்துட்டு கெளம்பு.