ஒரு தொழிலின் முன்னேற்றம் மற்றத் தொழில்களின் உற்பத்தித்திறனைக் கூட்டுமா?

மலேசியாவின் தெலுக் இந்தானில் தோட்டப் பக்கம் வளரும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கூட்டும். சில நேரம் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே கூட்டும்.

பாமாயில் தரும் செம்பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பல தோட்டங்களில் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவ ஆள் வைத்தார்கள். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டை இங்கே விட்டதும் அந்த வேலையை அது எடுத்துக்கொண்டது. பலன் தோட்டத்தோடு நிற்கவில்லை. குலையில் காய் நன்றாகப் பிடித்ததால் ஆலைக்குக் கூடுதல் பழம் போனது. அங்கிருந்து சுத்திகரிப்பு, சவர்க்காரம், மார்ஜரின் என்று போய்க்கொண்டே இருந்தது.

கணக்காகச் சொன்னால், எல்லாத் தொழில்களும் செலவில் பாதியை ஒன்றிடம் ஒன்று பொருள் வாங்கவே செலவிடுகின்றன என்று வைப்போம். ஒவ்வொன்றிலும் திறன் 1 சதவீதம் கூடினால், ஒன்றின் பலன் அதனிடம் வாங்கும் மற்றவற்றுக்கும் போவதால், மொத்தத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். தொழில்களுக்கிடையே யார் யாரிடம் என்ன வாங்குகிறார்கள் என்று அட்டவணை போட்டுக் காட்டியதற்குத்தான் பொருளியல் அறிஞர் வசிலி லியோன்டீஃப்புக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரு தொழில் தடுமாறினால் மற்றதும் பாதிக்கப்படும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவித்துவிடுவது நல்லது. தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறி, தரம் குறையும். மாற்று ஆலை பக்கத்தில் இல்லையென்றால், வெட்டுபவர் எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும் லோரியும் சாலையும்தான் அவருடைய உழைப்பின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் தோட்டச் சாலையைச் செப்பனிடுவதையும் உற்பத்தித்திறன் முதலீடாகவே நான் பார்க்கிறேன்.