பிளாக்கா, சார்ஜா: நடுவரின் கண் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: கூடைப்பந்து நடுவராகத் தகுதி பெற்று இப்போதுதான் ஆட்டங்களுக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். டிராவலிங், மூன்று விநாடி போன்ற விதிமீறல்களுக்கெல்லாம் தயங்காமல் ஊதிவிடுகிறேன். ஆனால் ஒருவர் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்து, குறுக்கே வந்தவர் மேல் மோதி இருவரும் விழுந்தால், பிளாக்கா (தடுத்தவர் தவறு) சார்ஜா (பாய்ந்தவர் தவறு) என்று எனக்குப் பிடிபடுவதே இல்லை. எதைக் கொடுத்தாலும் ஒரு பக்கம் கத்துகிறது. சென்ற ஆட்டத்தில் ஒரு பயிற்சியாளர், "டிஃபெண்டர் (தடுப்பவர்) கால் நிற்கவே இல்லையே, எப்படி சார்ஜ்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இதை எப்படிப் பார்க்க வேண்டும்?

பதில்: அந்தப் பயிற்சியாளரின் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். தடுப்பவர் சிலை மாதிரி நிற்க வேண்டும் என்று மைதானத்தில் பலரும் நம்புகிறார்கள். விதிப்புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகள் கேட்பது இரண்டுதான்: தடுப்பவர் எதிராளிக்கு முகம் கொடுத்து இருக்க வேண்டும், இரண்டு கால்களும் தரையில் பட்டிருக்க வேண்டும். ஒருமுறை அந்த நிலைக்கு வந்துவிட்டால், அப்புறம் அதைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பக்கவாட்டில் நகரலாம், பின்னால் போகலாம், கால்கள் ஒரு கணம் தரையை விட்டு எழும்பினாலும் தவறில்லை. அடி விழப்போகிறது என்று நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பிக்கொள்ளவும்கூட உரிமை உண்டு. கையையோ காலையோ இடுப்பையோ நீட்டி வழி மறிப்பதும், முன்னே போய் மோதுவதும்தான் கூடாது.

ஆக, நகர்ந்துகொண்டே இருந்த டிஃபெண்டருக்கும் சார்ஜ் கிடைக்கும். நீங்கள் கொடுத்த தீர்ப்பு சரியாகவே இருந்திருக்கலாம், காரணம்தான் கையில் இல்லை.

மோதல் உடம்பில் எங்கே பட்டது என்பது இன்னொரு நல்ல சாட்சி. நெஞ்சு, வயிறு என்று உடற்பகுதியின் முன்பக்கத்தில் பட்டிருந்தால், தடுப்பவர்தான் அந்த இடத்துக்கு முதலில் வந்தார் என்று விதியே எடுத்துக்கொள்கிறது. தோளிலோ இடுப்பின் ஓரத்திலோ பட்டிருந்தால் பெரும்பாலும் அவர் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறார். பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும்போது நேரமும் தூரமும் கணக்கில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். யாரும் எந்த நொடியும் முன்னால் வந்து நிற்பார்கள் என்று அவர் எதிர்பார்த்தே ஆட வேண்டும். பந்து இல்லாதவருக்குத்தான் நின்று திரும்ப ஓரிரு காலடி இடம் விட வேண்டும்.

ஆனால் பாய்கிறவர் தரையை விட்டு எழும்பிவிட்டால் கதை வேறு. அவர் கிளம்பிய நொடியில் பாதையும் இறங்கும் இடமும் காலியாக இருந்திருந்தால், அந்த இடம் அவருடையது. அதற்குப் பிறகு டிஃபெண்டர் எவ்வளவு அழகாக நின்றாலும் பிளாக்தான். காற்றில் இருப்பவரின் காலுக்கு அடியில் போய் நிற்பது சாதாரணத் தவறும் அல்ல. முழங்காலையும் முதுகையும் உடைக்கக்கூடிய செயல் என்பதால் பெரும்பாலும் அது அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் ஃபவுல், அதாவது சாதாரண ஃபவுலைவிடக் கடுமையான தண்டனை உள்ளது. இதில் தயவு பார்க்காதீர்கள். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர் என்றால் ஒரு எச்சரிக்கை: ஷூட்டர் மேல்நோக்கி எழும்பத் தொடங்கும் முன்பே தடுப்பவர் இடம் பிடித்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள அளவுகோல். நீங்கள் எந்த விதியில் ஊதுகிறீர்களோ அதையே மனதில் வையுங்கள்.

கூடைக்கு அடியில் 1.25 மீட்டர் ஆரத்தில் ஒரு அரைவட்டம் இருக்கிறதே, அதற்குள் தடுப்பவரின் ஒரு கால் பட்டிருந்தாலும், காற்றில் இருந்தபடி ஷூட்டோ பாஸோ செய்பவர் மேல் சார்ஜ் கொடுக்க முடியாது. பாய்கிறவர் கையையோ முழங்காலையோ முறைகேடாகப் பயன்படுத்தினால் மட்டும் விதிவிலக்கு.

இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தும் இருக்கலாம். தெரிந்தும் தடுமாறுகிறீர்கள் என்றால் காரணம் கண்தான் என்று நினைக்கிறேன். புதிதாக வரும் நடுவர்கள் எல்லோரும் பந்தைப் பின்தொடர்கிறார்கள். பந்து வைத்திருப்பவரோடு கண் ஓடுகிறது, திடீரென்று பார்வைக்குள் இன்னொரு உடம்பு நுழைகிறது, சத்தம் கேட்கிறது, இருவர் தரையில் கிடக்கிறார்கள். அந்த நிலையில் யார் ஊதினாலும் ஊகம்தான். கேள்விக்கான விடை மோதலுக்கு முன்பே முடிந்துவிட்டது: தடுப்பவர் எப்போது வந்தார், எப்படி வந்தார்? அதைப் பார்க்க வேண்டுமென்றால் கண் அவர் மேல் இருந்திருக்க வேண்டும். பாய்கிறவர் எப்படியும் உங்கள் பார்வைக்குள் வந்து சேருவார்.

நீங்கள் லீட் நடுவராக பேஸ்லைனில் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோட்டில்) நிற்கும்போது இது இன்னும் முக்கியம். தன் ஆளை விட்டுவிட்டு எதிர்ப்புறத்திலிருந்து உதவிக்கு ஓடி வரும் இரண்டாவது டிஃபெண்டர்தான் இந்த மோதல்களில் பெரும்பாலும் சிக்குகிறார். டிரைவ் (கூடையை நோக்கிய பாய்ச்சல்) தொடங்கியதுமே அப்படி வரக்கூடியவர் யார் என்று தேடிப் பிடியுங்கள். இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியும் கோணத்துக்கு ஒரு அடி நகருங்கள், நகர்ந்தபின் நில்லுங்கள். ஓடிக்கொண்டே பார்க்கும் கண்ணுக்கு எல்லாமே ஆடும்.

விசிலை ஒரு மூச்சு தாமதியுங்கள். நடந்ததை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க அந்த நேரம் போதும். சில மோதல்களில் யாருக்கும் நஷ்டம் இல்லை, அங்கே ஊதாமல் விடுவதும் தீர்ப்புதான். தொடாமலே விழுந்து நடிப்பவருக்கு முதலில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான ஃபவுல்).

ஊதியதும் முஷ்டியை மட்டும் உயர்த்துங்கள். உடனே இடுப்பில் கை வைத்து பிளாக் காட்டிவிடாதீர்கள். கூட இருக்கும் நடுவரும் ஊதியிருக்கலாம், அவர் சார்ஜ் காட்டினால் இருவருக்கும் சங்கடம். முதலில் கண்ணால் பேசிக்கொண்டு, யாருடைய பகுதியோ அவர் தீர்ப்பைச் சொல்லட்டும். ஆட்டத்துக்கு முன்பே இதைப் பேசி வைத்துவிடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி: ஆட்ட வீடியோவை எடுத்து, பாய்கிறவரின் கால் தரையை விட்டு எழும் காட்சியில் நிறுத்துங்கள். டிஃபெண்டர் எங்கே இருக்கிறார் என்று சொல்லி, தீர்ப்பையும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகே மீதியை ஓட்டுங்கள். தினமும் கொஞ்சம் செய்தால் கண் தானாகவே அங்கே போகும்.

அந்தப் பயிற்சியாளர் மறுபடி கேட்டால், விளக்கவுரை வேண்டாம். "அவர் முதலில் இடம் பிடித்துவிட்டார் சார், அடி நெஞ்சில் பட்டது" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.